கண்ணும் காதும் போதும்

ஆட்கள் தேவை. பதவி: கண். கூடுதல் பொறுப்பு: காது. பணியிடம்: கடல். சம்பளம் இல்லை, பஞ்சப்படி இல்லை, பயணப்படி இல்லை. படகு, டீசல், ஐஸ், வலை, உயிர் ஆகியவற்றை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும். பணிக்காலத்தில் இறந்து உடல் கிடைத்தால் நிவாரணம் பரிசீலிக்கப்படும். உடல் கிடைக்காவிட்டால் குடும்பத்தார் ஏழாண்டு பொறுத்திருக்க வேண்டும். வாய் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

இப்படியொரு விளம்பரம் எந்த நாளிதழிலும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவின் ஒன்பது கடலோர மாநிலங்களிலும் மீனவராகப் பிறந்த எல்லாரையும், ஒரு வார்த்தை கேட்காமல், இந்தப் பதவியில் அமர்த்திவிட்டார்கள். கடற்படை அதிகாரி பேசினாலும் சரி, மாவட்ட ஆட்சியர் பேசினாலும் சரி, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ஆய்வாளர் பேசினாலும் சரி, மைக்கைப் பிடித்ததும் வருவது ஒரே வாசகம்: மீனவர்கள்தான் நாட்டின் கண்களும் காதுகளும். கைதட்டல். டீ, பிஸ்கட். குழுப்படம். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் ‘விழிப்புணர்வுக் கூட்டம்’.

இதற்கு இப்போது பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. தேசப் பாதுகாப்பு இனி ராணுவத்தின் வேலை மட்டுமல்ல, ஒட்டுமொத்தச் சமூகத்தின் கடமை என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒட்டுமொத்தச் சமூகம் என்றால் யார் யார் என்று விசாரித்துப் பார்த்தேன். சாக வாய்ப்புள்ளவர்கள் எல்லாரும் சமூகம். பென்ஷன் வாங்க வாய்ப்புள்ளவர்கள் எல்லாரும் தேசம். கடமை முன்னவருக்கு, பாதுகாப்பு பின்னவருக்கு. வேலைப் பங்கீடு தெளிவாக இருக்கிறது.

பதவி உருவான வரலாற்றைப் பார்த்துவிடுவோம். 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்புக்கான ஆர்.டி.எக்ஸ். மகாராஷ்டிரத்தின் ராய்கட் கடற்கரையில், ஷேக்காடி போன்ற இடங்களில் இறங்கியது. அங்கே காவலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. காவலுக்கு இருந்தவர்களுக்குக் காசு கொடுத்தாயிற்று. அதை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய சுங்கத் துறையினரையும் போலீசாரையும் தடா நீதிமன்றம் பின்னாளில் தண்டித்தது. 2008இல் வந்த பத்துப் பேர், போர்பந்தரின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தினார்கள். அதில் இருந்த ஐந்து மீனவர்களையும் கொன்றார்கள். ரப்பர் படகில் மும்பை பத்வார் பார்க் மீனவர் குடியிருப்பில் கால் வைத்தபோது “யார் நீங்கள், எங்கே போகிறீர்கள்” என்று கேட்டவர்களும் மீனவர்களே. கமாண்டோப் படை டெல்லியிலிருந்து வந்து சேர விடிந்துவிட்டது.

ஆக, முதல் முறை காசு வாங்கியவர்கள் அதிகாரிகள். இரண்டாம் முறை முதலில் செத்தவர்கள் மீனவர்கள், முதலில் கேள்வி கேட்டவர்களும் மீனவர்கள். இதிலிருந்து அரசு படித்த பாடம் என்ன? மீனவர்கள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். உடனே கைரேகை எடுத்தார்கள். பயோமெட்ரிக் அட்டை கொடுத்தார்கள். படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம் பூசச் சொன்னார்கள். பதிவெண்ணைப் பெரிதாக எழுதச் சொன்னார்கள். கடலுக்குப் போகும்போது டோக்கன் வாங்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரிகளுக்கு எந்த நிறமும் பூசப்பட்டதாகத் தெரியவில்லை.

அட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலில் யார் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் அந்தத் தகவல் இரண்டு பக்கமும் பேச வேண்டாமா? சந்தேகப்படும்போது ஒவ்வொரு தலையாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, தேடும்போது மட்டும் கணக்கு வராமல் போவது எப்படி? நான் கேட்க வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியங்கள்.

கண்ணும் காதும் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று ஊர் ஊராக வந்து பாடம் எடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமான படகைப் பார்த்தால் 1093க்கு அழைக்கலாம், அது கடலோரக் காவல் நிலையங்களுக்கானது. 1554க்கும் அழைக்கலாம், அது இந்தியக் கடலோரக் காவல்படைக்கானது. இரண்டும் இலவசம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஏதாவது ஒரு பள்ளி அரங்கில், ஏதாவது ஒரு மாலையில் நடந்திருக்கக்கூடிய பேச்சு இது:

“சாரே, கரையவிட்டு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டினா டவர் கெடக்காது.”

“பரவாயில்லை பெரியவரே, ஒயர்லெஸ்ல சொல்லுங்க.”

“ஒயர்லெஸ் கரைக்கு எட்டாது சாரே. நாங்க நிக்கது முந்நூறு மைலுக்கு அங்கயாக்கும்.”

“அப்ப கரைக்கு வந்ததும் சொல்லுங்க.”

“வர நாப்பது நாளாவும்.”

“தகவல் முக்கியம் பெரியவரே. எப்ப வந்தாலும் சொல்லலாம். நாங்க இருபத்து நாலு மணி நேரமும் இருப்போம்.”

சேட்டிலைட் ஃபோன் என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது இளைஞர் எழுந்து கேட்டிருப்பார். இருக்கிறது. மும்பைக்கு வந்த அந்தப் பத்துப் பேர் கும்பலிடமும்கூட துராயா சேட்டிலைட் ஃபோன் இருந்தது. ஆகவே அதை உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர் இந்தியாவில் குற்றவாளி. கொலைகாரன் கையில் இருந்த கருவி என்பதற்காக, நடுக்கடலில் நிற்பவன் கையில் அது இருக்கக் கூடாது என்றாயிற்று. நாட்டின் பாதுகாப்புக்காக நாட்டின் கண்ணுக்கும் காதுக்கும் பேசும் வழி அடைக்கப்பட்டது. பதவியின் பெயரில் வாய் சேர்க்கப்படாதது மறதியால் அல்ல.

பயிற்சி என்று ஒன்றும் நடக்கிறது. சாகர் கவச் என்பார்கள், 2019 முதல் சீ விஜில் என்றும் நடத்துகிறார்கள். கமாண்டோக்களும் போலீசாரும் தீவிரவாதிகள் வேடத்தில் கடல் வழியாக ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள். மற்றொரு அணி அவர்களைப் பிடிக்கும். பிடித்தால் வெற்றி, பொம்மை வெடிகுண்டோடு படம் வரும். தீவிரவாதிக்கான உடுப்பு என்ன தெரியுமா? மீனவர் கைலி. வாகனம்? மீனவர் படகு. நாட்டின் கண் எது, நாட்டின் கண்ணில் விழுந்த தூசு எது என்று ஒத்திகையில்கூட அவர்களுக்குப் பிரித்துப் பார்க்க வராது.

இனி 2017 நவம்பர் 30.

குமரி மாவட்டத்தின் நீரோடி முதல் இரையுமன்துறை வரை உள்ள தூத்தூர் வட்டார ஊர்களின் ஆட்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்காரர்கள். இவர்களைப் போலத் தூரம் போகிறவர்கள் இந்தியாவில் குறைவு. கொச்சியில் படகைக் கட்டி, அங்கிருந்து கிளம்பினால் நாற்பது நாள், ஐம்பது நாள் கழித்தே கரை. டீகோ கார்சியா பக்கம் வரை தூண்டில் போட்டுப் பிடிபட்டவர்கள் இவர்களில் உண்டு. நாட்டுக்குக் கடலில் கண் வேண்டுமென்றால் இதைவிடத் தூரப் பார்வை கிடைக்காது.

29ஆம் தேதி, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. போக வேண்டாம் என்று யாருக்குச் சொன்னார்கள்? போய்ப் பல வாரம் ஆனவர்களுக்கு. புயல் என்ற சொல்லோடு எச்சரிக்கை வந்தது 30ஆம் தேதி நண்பகலை ஒட்டி. அதற்குள் குமரியில் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்துகொண்டிருந்தன. ஒக்கி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒக்கி வேலையை முடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியவில்லை. கைரேகை எடுத்து எட்டாண்டு ஆகியிருந்தது. அட்டை அச்சிட்டாயிற்று, நிறம் பூசியாயிற்று, டோக்கன் கிழித்தாயிற்று. ஆனால் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை சென்னையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று, டெல்லியில் இன்னொன்று. கடைசியில் பங்குத்தந்தையர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இந்த வீட்டில் அப்பனும் மகனும். அடுத்த வீட்டில் அண்ணன் தம்பி. இந்தப் படகில் பத்துப் பேர், இன்னின்னார். இந்தியக் குடியரசின் கடலோரப் பாதுகாப்புத் தகவல் தொகுப்பை நாற்பது பக்க நோட்டில் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து எழுதி முடித்தார்கள்.

எங்கே தேட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், உங்கள் கப்பலில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மீனவர்கள் மன்றாடினார்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளும், நீரோட்டம் எங்கே கொண்டுபோகும், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒருவன் எத்தனை நாள் மிதப்பான் என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. கண்களும் காதுகளுமாம்! அந்தக் கண்ணைக் கப்பலில் ஏற்றுவதற்கே கரையில் கூச்சல் போட வேண்டியிருந்தது. சிலரை ஏற்றினார்கள், நாட்கள் போன பிறகு. பொறுக்க மாட்டாத ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். பிணங்களை மிதக்கக் கண்டார்கள், சிலரை உயிரோடு கொண்டுவந்தார்கள். லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று எங்கெங்கோ கரை ஒதுங்கியவர்கள் யாரோ ஒரு புண்ணியவானின் செல்ஃபோனை வாங்கி வீட்டுக்குப் பேசிய பிறகுதான் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடிபட்டது.

டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர், பெண்களும் பலர், கடற்கரையிலிருந்து நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இரவு வரை அசையவில்லை. காணாமல் போன புருஷனைத் தேடித் தாருங்கள் என்று கேட்க ரயிலை மறிக்க வேண்டியிருக்கிறது. இதை அன்று சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று எழுதினார்கள். நான் அதைத்தான் தேசப் பாதுகாப்பு என்பேன்.

நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. திரும்பாதவரை இறந்தவராகக் கொள்ள அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் கணக்கு ஏழாண்டு. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் கிடையாது. போராடிப் போராடித்தான் அந்த விதியைத் தளர்த்த வைத்தார்கள். இருபது லட்ச ரூபாய் நிவாரணமும் வந்தது, மறுக்கவில்லை. இப்போது விசைப்படகுகளில் இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் செய்த டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்துகிறார்கள், செய்தி அனுப்பலாம், வாங்கலாம். அதுவும் நல்லதே. ஒரு கருவி கரையிலிருந்து படகுக்கு வர எத்தனை பிணம் விலை என்பது மட்டும் டெண்டரில் எழுதப்படுவதில்லை.

ஒக்கி ஒரு விபத்து, ஒரு தடவைக் கோளாறு என்று சொல்வார்கள். அப்படியானால் 2004 டிசம்பர் 26க்குப் போவோம். சுனாமி கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அடித்தது. அது தமிழகக் கரைக்கு வரும் முன்பே தளம் மூழ்குகிறது என்ற தகவல் விமானப்படைக்கு வந்துவிட்டது. வானிலைத் துறையும் சும்மா இருக்கவில்லை, அமைச்சருக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. எந்த அமைச்சருக்கு? முரளி மனோகர் ஜோஷிக்கு. அவர் பதவி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மே மாதமே ஆட்சி மாறிவிட்டதை வானிலைத் துறைக்கு யாரும் முன்னறிவிக்கவில்லை போலும். முன்னாள் அமைச்சர் வீட்டு ஃபேக்ஸ் இயந்திரம் தாளைத் துப்பிக்கொண்டிருந்தபோது கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் போனார்கள்.

அதே காலை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவர் ஊர். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது, அதில் ஒலிபெருக்கி இருந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஓடுங்கள் என்று கத்தினார்கள். ஓடினார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். செலவு ஒரு ஐ.எஸ்.டி. கால். மீள்திறன் மீள்திறன் என்று இப்போது கருத்தரங்கு நடத்துகிறார்களே, அதைப் படிக்க எங்கும் போக வேண்டாம். இதைச் செய்ய அந்த ஊருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் அது ஃபேக்ஸில் வந்திருக்கும்.

கண்ணும் காதும் கடல் பக்கமே திரும்பியிருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒருநாள் அவை கரைப் பக்கம் திரும்பின. 2011இல் கூடங்குளம் அணு உலையைப் பார்த்து இடிந்தகரை மக்கள் சில கேள்விகள் கேட்டார்கள். விபத்து நடந்தால் எங்கே ஓடுவது? எந்தச் சாலை வழியாக? எங்கள் கடலில் கொதிநீர் விட்டால் மீன் என்னாகும்? ஃபுகுஷிமாவை டிவியில் பார்த்த எவரும் கேட்கக்கூடியவை. பாதுகாப்பு பற்றிப் பொதுமக்கள் பொறுப்போடு கேட்ட கேள்விகள். ஒட்டுமொத்தச் சமூகத்தின் பங்கேற்பு என்றால் இதைவிட வேறென்ன?

பதில் முதல் தகவல் அறிக்கையாக வந்தது. கூடங்குளம் காவல் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாகவும் வழக்கு. போர்! பீடி சுற்றும் பெண்களும் கட்டுமரக்காரர்களும் இந்தியா மேல் போர் தொடுத்தார்கள். 2012 செப்டம்பரில் அவர்கள் கடலில் இறங்கி நின்றபோது தலைக்கு மேல் தாழப் பறந்து பார்த்தது கடலோரக் காவல்படையின் விமானம். ஒக்கியின்போது அந்த அளவு தாழ அல்ல, எந்த அளவிலாவது ஒரு விமானம் வராதா என்று குமரிக் கடற்கரை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதே செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார்.

அணு விபத்து ஒத்திகை நடத்தவில்லையா என்றால், நடத்தினார்கள். 2012 ஜூனில் நக்கநேரி என்ற சிற்றூரில். உலைக்கு அருகில் ஆயிரக்கணக்கானோர் வாழும் இடிந்தகரையில் அல்ல. அங்கே நடத்தினால் கேள்வி கேட்பார்கள், நேரமாகும். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. கூடவே, போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பின் முதல் பாதி உடனே நிறைவேறியது. இரண்டாம் பாதிக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிக்கட்டு ஏறினார்கள்.

சுடுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிகா லெக்சி’ கப்பலில் இருந்த இத்தாலியப் படையினர் கடற்கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், ஒருவர் குமரிக்காரர். அது அந்நியர் செய்தது, நாடே கொதித்தது, சரி. 2017 நவம்பரில், ஒக்கிக்கு இரண்டு வாரம் முன்பு, இந்தியக் கடலோரக் காவல்படையினர் தங்களைச் சுட்டதாகவும் இந்தியில் பேசச் சொல்லி அடித்ததாகவும் ராமேஸ்வரம் மீனவர்கள் சொன்னார்கள். சுடவில்லை என்று காவல்படை மறுத்தது. 2022 அக்டோபரில் மறுக்க வழியில்லாமல் போயிற்று. பாக் விரிகுடாவில் இந்தியக் கடற்படையின் ‘பங்காரம்’ கப்பலிலிருந்து தமிழக மீனவர் படகின் மேல் சுட்டார்கள். மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் ஒருவர் படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை, சந்தேகப் படகு என்று நினைத்தோம் என்றது கடற்படை.

இலங்கைக் கடற்படை சுட்டால் கண்டனக் கடிதம் எழுதலாம். இத்தாலிக்காரன் சுட்டால் சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போகலாம். தன் கண்ணையே தான் சுட்டுக்கொண்டால் எந்த முகவரிக்கு எழுதுவது?

இவ்வளவுக்குப் பிறகும் கூப்பிட்டால் வருகிறார்கள், அதுதான் எனக்கு விளங்காதது. 2015இல் சென்னை மூழ்கியபோது குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றி முடிச்சூருக்கும் கோட்டூர்புரத்துக்கும் கொண்டுபோனார்கள். 2018இல் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் செலவில் வந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைப் புகழ்ந்தார், ஒரு நாளைக்கு ஒரு படகுக்கு மூவாயிரம் தருவதாகவும் சொன்னார். பணம் வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்களில் உண்டு.

சென்னையின் 2023ஆம் ஆண்டைப் பாருங்கள். ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து மெரினா லூப் சாலையில் மீன் விற்றவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, மாநகராட்சி ஜேசிபியோடு வந்தது. டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முதல் மாடியில் நின்று கையசைத்தவர்களை இறக்க வந்தவை மீனவர் படகுகள். ஏப்ரலில் அந்தச் சாலையில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஜன்னலை ஏற்றியவர்கள் எத்தனை பேர் டிசம்பரில் அந்த நாற்றத்தில் ஏறி உட்கார்ந்தார்களோ! பிறகு அங்காடி கட்டிக் கொடுத்தார்கள், உண்மை. இடித்த பிறகு, மறித்த பிறகு, கட்டிக் கொடுத்தார்கள்.

மாடியில் நின்றவர்களான நமக்கு இந்தத் தேசப் பாதுகாப்பில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டினோம். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றினோம். மே 3 அன்று மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டர்கள் பூத்தூவின, உள்ளே பாதுகாப்பு உடை போதவில்லை. நெடுஞ்சாலையில் தொழிலாளிகள் நடந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் மேல் பூ விழவில்லை. 2025 மே 7 அன்று நாடு முழுக்க 244 மாவட்டங்களில் போர்க்காலச் சங்கு ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. சங்கு ஊதினால் எங்கே பதுங்குவது என்று கேட்டால், மேஜைக்கு அடியில்.

பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இதே தத்துவத்தைத்தான் சொல்கிறார்கள். சமூகம் முழுவதும் தயாராக இருக்க வேண்டும், சில நாட்களுக்கான உணவும் நீரும் வீட்டில் இருக்கட்டும் என்கிறார்கள். ஆனால் பின்லாந்துக்காரன் அதைச் சொல்வதற்கு முன்னால் 55 லட்சம் சொச்சம் மக்களுக்கு 48 லட்சம் பேர் ஒளியக்கூடிய பதுங்கிடங்களைக் கட்டிவைத்திருக்கிறான். ஐம்பதாயிரம் இடங்கள். அவன் குடிமகனிடம் கடமையைக் கேட்கிறான், கேட்கிற யோக்கியதையோடு. நம்மிடம் இருப்பது சங்கு.

எல்லாரும் பங்கேற்க வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டு நானும் ஓர் ஒத்திகையை முன்மொழிகிறேன். பெயரை டெல்லியிலேயே வைத்துக்கொள்ளட்டும், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். காலம்: நவம்பர் கடைசி வாரம். உள்துறை, பாதுகாப்புத் துறை, மீன்வளத் துறை, வானிலைத் துறை ஆகியவற்றின் செயலாளர்கள் ஆளுக்கொரு தூத்தூர் படகில் ஏறட்டும். கொச்சி தொப்பும்படியிலிருந்து முந்நூறு மைல். ஆளுக்கொரு செல்ஃபோன், அதில் 1554 பதிந்து கொடுக்கப்படும். சேட்டிலைட் ஃபோன் கொடுக்க ஆசைதான், சட்டம் இடம் தராது. கரையில் கட்டுப்பாட்டு அறையில் தூத்தூர் வட்டாரத்துச் சின்னத்துறையிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் எட்டுப் பெண்கள் உட்காருவார்கள். புயல் எச்சரிக்கை அன்று நண்பகலில், முந்தைய செயலாளர்களின் வீட்டு முகவரிக்கு அனுப்பப்படும். எத்தனை பேர் கடலில் இருக்கிறீர்கள் என்பது குறித்து மூன்று வெவ்வேறு எண்ணிக்கைகளை நாங்கள் வெளியிடுவோம். நான்காம் நாள் முக்கியஸ்தர் ஒருவர் வந்து உங்கள் குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்வார். தேடப் போவதற்கு முன் கப்பலுக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்.

நீந்தியோ மிதந்தோ கரை வந்து சேருகிறவர்களை விட்டுவிட மாட்டோம். தண்ணீர் கொடுப்போம், போர்வை கொடுப்போம், பிறகு அடையாள அட்டையைக் கேட்போம். கடல் கொண்டுபோய்விட்டது என்பார்கள். எல்லாரும் சொல்வதுதானே அது. ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.